நடக்காதவற்றுக்கு ஸ்தோத்திரம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்கு இருமல் என்றால் நுரையீரல் போச்சு. மகள் போன் எடுக்காவிட்டால் விபத்து.

போன வாரம் போதகர், "இண்டைக்கு நன்றி மட்டும்தான் சொல்லவேணும், அண்ணை" என்றார்.

நான் கண்களை மூடினேன். நன்றி சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நான் பயந்த விஷயங்கள்தான் முந்திக்கொண்டு வந்தன. அவற்றையே பிடித்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, லிஃப்ட் அறுந்து விழேல்லை, ஸ்தோத்திரம். நெஞ்சுநோவு வெறும் வாயு எண்டு டொக்டர் சொன்னவர், ஸ்தோத்திரம்."

"சுனாமியையும் சேருங்கோ. நேற்றும் கடலைப் பார்த்துப் பயந்தனீங்கள்" என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். கண்களை மூடியிருந்த நானும் சிரித்தேன். மகிழ்ச்சி இந்த வழியாலும் வருமா என்று வியப்பாக இருந்தது. போதகர் "ஆமென்" என்றார். நான் விடவில்லை, நடக்காதவை இன்னும் நிறைய இருந்தன.