ஜன்னலில் தொங்கும் வாஷர்

துரு பிடிக்காமல் செய்வது என் தொழில். நன்றாகச் செய்துவிட்டால் அதே நட்டு இரண்டாம் முறை என்னிடம் வராது. திருவொற்றியூரில் கடல் காற்றுக்குக் குறைவில்லை என்பதால் வேறு நட்டுகள் வந்துகொண்டே இருக்கும், அந்த மட்டில் கவலையில்லை. வேதியியல் படித்துவிட்டு, நாலு பேர் முன்னால் பேசவேண்டிய எந்த வேலையும் ஒத்துவராமல், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சில பிளாஸ்டிக் வாளிகளோடும் ஒரு பேட்டரி சார்ஜரோடும் உட்கார்ந்துவிட்டேன். வாளித் தண்ணீரில் கரண்ட் விட்டு, இரும்பின் மேல் ஜிங்க், அதாவது துத்தநாகம், பூசுவேன். தையலோ டியூஷனோ, வீட்டிலிருந்தே தொழில் செய்கிற எல்லோருக்கும் என் பாடு தெரிந்ததுதான். நமக்குக் கடையாக இருப்பது மற்றவர்களுக்கு வெறும் வீடு. நினைத்த நேரத்தில் நுழைவார்கள்.

கையுறை

அம்மா எனக்கு வரன் பார்க்கச் சொல்லியிருந்த தரகர் அம்மாள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நான் கொட்டகையில் ஆசிட் வாளி முன்னால் இருந்தேன். முழங்கை வரை ரப்பர் கையுறை, முகத்தில் மாஸ்க், கண்ணில் பெரிய கண்ணாடி. எழுந்து நின்று கும்பிடுவதா, கையைக் கழுவுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். அம்மா அவசர அவசரமாக, "உள்ளே போய் டீ போடுடி" என்றாள்.

தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவின் தோளில் செல்லமாக ஒரு தட்டு. "பொண்ணு நர்ஸுன்னு சொல்லவே இல்லியேம்மா, நல்ல எடமா பாத்துடலாம்!"

தொடக் கூடாத நேரம்

டில்லி என்கிற பையன் முதல்முறை வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பழைய ஸ்கூட்டரின் நட்டு, போல்ட், வாஷர் கொண்டுவந்தான். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். நகத்தடியில் எப்போதும் கிரீஸ் இருக்கும். ஆனால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருவான். என் நம்பரை போனில் 'ஜிங்க் சிஸ்டர்' என்று போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். வடசென்னையில் எந்தப் பையனும் எந்தப் பெண்ணையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு ஏனோ அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆசிட்டில் முக்கிக் கழுவிய இரும்பை வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் துத்தநாகம் ஒட்டாது. அவன் பேசிக்கொண்டே, கம்பியில் கோத்துவைத்திருந்த ஒரு வாஷரைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். 'தொடாதீங்க' என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்கு அது வரவில்லை. பூசி எடுத்தபோது, பளபளக்கும் வெள்ளையின் நடுவே கட்டைவிரல் ரேகை கருப்பாக, வளைவு வளைவாக, அப்படியே இருந்தது. அடுத்தமுறை அவனிடம் காட்டினேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சிஸ்டர், வாஷருக்கு ஆதார் எடுத்துட்ட போல கீதே!"

அருவாமனை

மீன் விற்கும் கஸ்தூரி அக்கா தன் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தினமும் உப்புத் தண்ணீரில் கிடந்து துருவேறுகிறது, ஒரு கோட்டிங் கொடு என்றார். சாப்பாட்டுச் சாமானுக்கு இது ஆகாது அக்கா, உடம்புக்கு நல்லதில்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்த நட்டுகளையும் பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. டில்லி அவருடைய அண்ணன் மகனாம்.

அவன் பெயர் காதில் விழுந்ததும் நான் வாளியைக் கிளறத் தொடங்கினேன். அதில் கிளற எதுவும் இல்லை. அக்கா போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்: "சீக்கிரம் முட்ச்சுக் குடு கண்ணு, தங்கச்சி காலேஜுக்குப் போவ அந்த வண்டிய ஓட வெச்சுட்டுதான் கப்பல் வேலைக்குப் போவேன்னு குந்திகினு கீறான்."

குறைந்த கரண்ட்

அதற்குப் பிறகு அவனுடைய சாமான்களுக்கு மட்டும் கரண்டைக் குறைத்து வைத்தேன். குறைவாக வைத்தால் பூச்சு மெதுவாகத்தான் ஏறும். ஒரு பிடி நட்டுக்கு ஒரு மதியம் முழுக்கப் போய்விடும். ஒரே நாளில் கொடுக்கவேண்டியதை அடுத்த வாரம் வாங்க என்பேன். அவன் வருவான், வாசலில் செருப்பைக் கழற்றுவான், இன்ஜின் கதை சொல்வான், போவான். நான் 'உம்' கொட்டுவேன். ரேகை விழுந்த வாஷரை உரித்துவிட்டு மறுபடி பூசியிருக்க வேண்டும். அதைக் கம்பியோடு ஜன்னலில் மாட்டிவைத்திருந்தேன். கடல் காற்றில் ரேகை மட்டும் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.

ஆனால் மெதுவாக ஏறும் பூச்சுதான் நுண்ணிய துகள்களாக, அழுத்தமாகப் பிடிக்கும். தாமதப்படுத்த நினைத்து, என் கையால் செய்ததிலேயே நல்ல வேலையை அவனுக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். ஒரு போல்ட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து டில்லி சொன்னான்: "இது ஆயுசுக்கும் துரு புடிக்காது, இனிமே உன்னாண்ட வர வேலையே இல்ல சிஸ்டர்."

ஒன்று குறைகிறது

கடைசி டப்பாவை வாங்க வந்த அன்று, தரையில் செய்தித்தாள் விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினான். "ஹேண்டில் வாஷர் ஒண்ணு கம்மியா கீதே?"

"ஆசிட்ல விழுந்து கரைஞ்சிடுச்சு" என்றேன். அவனிடம் நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அவன் என் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்தான். வாஷர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வாளிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. அவன் அதைக் கேட்கவில்லை. டப்பாவை மூடினான். கதவுவரை போனவன் போனை எடுத்துக்கொண்டு நின்றான். "இதுல ஜிங்க் சிஸ்டர்னு கீது. அத மாத்தணும். உம் பேரு இன்னா?"

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. டில்லி தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். "காதுல வுழல. பரவால்ல, கப்பலுக்குப் போய்ட்டு வந்து கேட்டுக்கறேன்."

ஒருவர் திரும்பி வரவே தேவையில்லாதபடி வேலை செய்ய இத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்ட நான், சத்தமாகப் பேச மட்டும் கற்றுக்கொள்ளாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று, ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.