மணியன் திறக்காத ராத்திரி

பரமத்தி வேலூரில் மணியன் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "மொட்டை மாடியில வானத்தப் பாத்து கேமரா வெச்சிருக்காரே, அவரு ஊடா?" என்பார்கள். திருடன் வருகிற வழிக்குக் கேமரா வைக்கிற ஊரில், திருடன் வரவே முடியாத பக்கமாக அதைத் திருப்பி வைத்த மனிதரைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

முப்பத்து நாலு வருடம் தொலைபேசி இலாகாவில் லைன்மேன் வேலை. ஓய்வு பெற்ற வருடம், வடக்கே எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் சிவபிரகாஷ் இந்தக் கிறுக்கை அவருக்கு ஏற்றிவிட்டான். எரிநட்சத்திரம் பிடிக்கிற கிறுக்கு. அவன் வீட்டு மாடிக் கேமரா தெற்கே பார்க்கும், இவர் வீட்டுக் கேமரா வடக்கே பார்க்கும். எரிந்து விழுகிற ஒரே கோட்டை இரண்டும் பிடித்தால்தான் அது எந்த உயரத்தில் எரிந்தது, எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட முடியும். ஒன்று மட்டும் பிடித்தால் அது வெறும் படம், வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

தினமும் காலையில் காபி குடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். இரவெல்லாம் கேமரா சேர்த்து வைத்த துண்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது விமானம், இது வௌவால், இது கோயில் வாணம், இதுதான் எரிநட்சத்திரம் என்று குறித்துச் சிவபிரகாஷுக்கு அனுப்புவார். சந்தேகம் என்றால் விட்டுவிடுவார். ஒரு விமானத்தைக்கூட எரிநட்சத்திரம் என்று அவர் அனுப்பியதில்லை.

அந்தக் கேமராவுக்கு இருந்த ஒரே எதிரி கொல்லைப்புறத்து லைட். கக்கூஸ் கொல்லையில்தான். லைட் போட்டால் படத்தின் வலது ஓரம் பால் கொட்டினாற்போல வெளுத்துவிடும். அதனால் ராத்திரியில் லைட் போடக் கூடாது என்று மனைவி முத்தாயம்மாளிடம் சொல்லி வைத்திருந்தார். முத்தாயம்மாளுக்குச் சர்க்கரை. ராத்திரி இரண்டு தடவையாவது எழ வேண்டும்.

"ஏனுங்க, மேல எரியறது ஒரு நிமிசம் தெரியலீன்னா குடி முழுகிப் போயிருமாக்கும்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒரு நிமிசத்துல போறதுதான் புள்ள அது. பழகுன ஊடுதான? பைய நடந்து போ."

முத்தாயம்மாள் சில நாள் இருட்டில் போவார், சில நாள் கோபத்தில் லைட்டைப் போட்டுவிடுவார். போட்ட மறுநாள் காலையில் மணியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் இது பழகிப்போன சண்டை.

கார்த்திகைக் கடைசியில், வருடத்திலேயே அதிகம் எரிநட்சத்திரம் விழுகிற நாட்களில், ஒரு சாயங்காலம் மணியன் சொன்னார்: "இன்னைக்கு மட்டும் போட்றாத புள்ள." முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். விடியற்காலை மணியன் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. கொல்லைப் படிக்குக் கீழே, துவைகல் ஓரமாக, தலையில் அடிபட்டுக் கிடந்தார் முத்தாயம்மாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் குமாரசாமி ஓடிவந்தார். அப்புறம் தெருவே வந்தது. லைட் எரிந்துகொண்டிருந்ததா, விடிந்தபின் யாராவது அணைத்தார்களா, ஒருவருக்கும் நினைவில்லை. காரியமெல்லாம் முடிந்து ராசிபுரத்துக்குக் கிளம்பும்போது மகள் அபிநயா கேட்டாள்.

"அம்மா லைட் போட்டுச்சாப்பா?"

"தெரியலியே சாமி."

"உங்க கேமராவுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அந்த ராத்திரி முழுக்க அதற்குள்தான் கிடந்தது. லைட் எரிந்திருந்தால் அது மயக்கம், தலைவிதி, யார்மேலும் பழியில்லை. எரியவில்லை என்றால் அவர் சொன்ன சொல்லுக்காக இருட்டில் நடந்து விழுந்திருக்கிறாள். மணியன் அதைத் திறக்கவில்லை.

அழவும் இல்லை. சோறு வடித்தார், ரசம் வைத்தார், உப்பு போட மறந்துபோய் அப்படியே சாப்பிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் கண்ணையே பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை என்றதும் "கல்லு மனசு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அழுதால்தான் துக்கம் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ! அவருக்கு வலித்தால்தானே அழுவதற்கு? கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது.

இருபதாம் நாள் காலை சிவபிரகாஷ் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான். "அண்ணா, கேக்கவே சங்கடமா இருக்குதுங்ணா. அன்னைக்கு மூணே முக்காலுக்கு மேல பெருசா ஒண்ணு எரிஞ்சு போயிருக்குது. எங்க கேமராவுல முழுசா இருக்குது. உங்களது இல்லாம ஒண்ணும் பண்ண முடியலீங்ணா."

"பாத்து அனுப்பறேன்," என்றார் மணியன்.

ராத்திரி முழுவதையும் ஒன்றாகச் சேர்த்த படம் ஒன்று உண்டு. அதைத்தான் முதலில் திறந்தார். நடுவில் பச்சையும் வெள்ளையுமாக அந்தப் பெரிய கோடு. அவர் கண் அதில் நிற்கவில்லை, வலது ஓரத்துக்குப் போனது. கறுப்பு. துண்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் வலது ஓரம் கறுப்பாகவே இருந்தது. சாயங்காலம் அவர் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள்.

எரிநட்சத்திரம் என்று குறித்து அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, என்ன சுத்தமான படம்! ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்ல!" பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. மணியன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"பாத்துட்டேன் சாமி. அம்மா லைட் போடல."

அந்தப் பக்கம் அபிநயாவின் அழுகை கேட்டது.

"போட்டுச்சுன்னு சொல்லியிருக்கக் கூடாதாப்பா? நானா வந்து பாக்கப் போறேன்?"

அப்படியும் சொல்லலாம் என்பது மணியனுக்குத் தோன்றவே இல்லை. மகளுக்காகக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதனோடு முத்தாயம்மாள் எப்படித்தான் இத்தனை வருடம் இருந்தாளோ என்று நினைத்தார். இருபது நாளில் முதல் தடவையாக அவருக்கு வலித்தது.