சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு

என் மகன் ஜோஷ்வா ஒரு கழுதை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி மெர்சி, “ஆயா, மாமாவ கய்தன்னே எழுதட்டா?” என்று கேட்கிறாள். எழுது. கிழவிக்குப் படிக்கத் தெரியாது என்று வேறு வார்த்தை போட்டுவிடாதே.

சொல்ல வந்தது அவனைப் பற்றி இல்லை. அவன் பெண்டாட்டி, என் மருமகள் ஹெலனைப் பற்றி.

ஹெலன் ஆரம்பாக்கத்துப் பெண். அவள் அப்பா ஊரான் கழனியில் வரப்பு வெட்டியவர். கழனி போய் அங்கே கோடவுன் வந்தபோது அதே இடத்துக்கு வாட்ச்மேன் ஆனார். ஒரு சென்ட் நிலம் கிடையாது. இவள் பன்னிரண்டாவது முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தாள். இன்றுவரை அங்கேதான் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான். உட்கார நாற்காலி கிடையாது.

கட்டி வருகிற ஒயரைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கரும் கெட்டதற்குச் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவது அவள் வேலை. சிவப்புத் தட்டில் கிடப்பதைப் பச்சைத் தட்டில் போடவே கூடாது. இங்கே எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இதுதான். ஒரு மாதக் கடைசியில் சரக்கு குறைகிறது என்று சூப்பர்வைசர் சிவப்பைப் பிய்த்துவிட்டுப் பச்சை ஒட்டச் சொன்னானாம். “நீங்களே ஒட்டுங்க சார், நான் கை வெக்க மாட்டேன்” என்றிருக்கிறாள். மறுநாள் ஃபேன் இல்லாத மூலைக்கு அவளைத் தள்ளிவிட்டான். அவள் அங்கே நின்றும் சிவப்புக்குச் சிவப்புதான் ஒட்டினாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு ஆயுத பூஜைக்குக் குலுக்கல் வைத்தார்கள். ஊரே குக்கரும் ஹாட்பாக்ஸும் தூக்கிக்கொண்டு போனது. இவளுக்கு விழுந்தது, கையில் பிடித்து ஆடுகிற ஒரு கேம் பெட்டி. குக்கராவது கேட்டு மாற்றி வாங்கியிருக்கலாம் என்று ஒரு வாரம் திட்டினேன்.

அதற்குள் நூறு ஆட்டம் இருந்தது. சுடுவது, ஓடுவது, கார் விடுவது. அவள் ஒன்றைத்தான் தொட்டாள். ஒரு குடிசை, கல்லும் முள்ளுமாக ஒரு துண்டு நிலம். கல் பொறுக்கி, விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுத்து விற்க வேண்டும்.

“நாள் முச்சூடும் நின்னுட்டு வந்து மறுபடி கழனி வேலையா? நாத்து நட்டு முதுகு ஒடிஞ்சவ நான். என்கிட்ட கேளுடி, அதுல இன்னா சொகம்னு சொல்றேன்” என்றேன்.

“அத்தே, இது நம்ம நெலம். நீங்க நட்டது யார்துது?”

நான் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன்.

இதில் ஜோஷ்வா எப்படி வந்தான் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு இரும்பு உருட்டுகிற மில்லில் எப்போதும் நைட். அவன் காலையில் வீடு வரும்போது அவள் கம்பெனி பஸ் ஏறியிருப்பாள். அவள் இரவு வரும்போது அவன் போயிருப்பான். அவனுக்கு லீவு செவ்வாய், இவளுக்கு ஞாயிறு. போனில் பேசலாமே என்றால் இரண்டு கம்பெனியிலும் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இவர்கள் நடத்துகிற குடும்பத்துக்கு நான்தான் தபால்காரி.

ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்தவன் பிரிட்ஜ் மேலே இருந்த பெட்டியை எடுத்து அவள் விதைத்ததற்குத் தண்ணீர் ஊற்றி வைத்தான். இரவு அவள் திறந்து பார்த்துச் சிரித்த சிரிப்பு, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லை. அதிலிருந்து இவள் இரவில் விதைப்பதும், அவன் பகலில் தண்ணீர் விடுவதுமாக நடந்தது. இவள் மாடு வாங்குவாள், அவன் தொழுவம் கட்டுவான். நான் சமையலை விட்டுவிட்டு வந்து, “இன்னிக்கு இன்னாடி செஞ்சிக்கிறான்?” என்று எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆடியது எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் நகத்தளவு கார்டில்தான் இருக்கிறதாம். பெட்டியோடு வருகிற கார்டு மட்டம், என்றைக்கு வேண்டுமானாலும் செத்துவிடும் என்று ஹெலன் லைனில் நிற்கும் பழவேற்காட்டுக் கமர் நிஷா சொல்லியிருக்கிறாள். அதனால் போன கிறிஸ்துமஸின்போது ஹெலன் நல்ல கார்டு ஒன்று வாங்கி, ஸ்டேஷன் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் மோகன்ராஜிடம் கொடுத்து, அதுவரை ஆடியதை அதில் ஒரு காப்பி எடுத்து பைபிள் உறைக்குள் வைத்தாள். ஆட்டம் மட்டும் பழைய கார்டிலேயே ஓடியது; மாடு, தொழுவம், இரண்டாவது நிலம் எல்லாம் அதற்குப் பிறகு அதில்தான் வந்தன.

இந்த மழைக்காலத்தில் பழைய கார்டு தகராறு செய்தது. திறந்தால் திரை வெளுத்து நிற்கும். அணைத்து அணைத்துப் போட்டால் வரும். பழையதில் இருப்பதை நல்ல கார்டுக்கு மாற்றி, இனிமேல் நல்லதையே பெட்டியில் போட வேண்டும். ஞாயிறு வரை தாங்குமோ தாங்காதோ என்று அவளுக்குப் பயம். அவள் வீடு வருவதற்குள் கடையோ மூடிவிடும். அதனால் கார்டு இரண்டையும் ஒரு டப்பியில் போட்டு, சாகப்போகிற பழையதற்குச் சிவப்பு ஸ்டிக்கரும் நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கரும் ஒட்டி, பஸ்ஸில் போகும்போதே போனில் அவனுக்குக் குரல் அனுப்பினாள்: “கார்டு ரெண்டும் டப்பில கீது, காப்பி போட்டுக்கினு வந்துடு.” எதிலிருந்து எதற்கு என்று சொல்லவில்லை. ஸ்டிக்கர் சொல்லும் என்று விட்டுவிட்டாள்.

அன்று இரவு என் பக்கத்தில் உட்கார்ந்துதான் திறந்தாள்.

“அத்தே, தொழுவம் எங்க?”

நானும் பார்த்தேன். தொழுவம் இல்லை. மாடு இல்லை. பிறகு வாங்கிய இரண்டாவது நிலத்தில் மறுபடியும் கல். பழைய குடிசை வாசலில் அந்தப் பொம்மை ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தான். இன்னொரு கார்டைப் போட்டாள். அதிலும் அதேதான். அழவில்லை. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அது மில் கேட்டில் ஏதோ பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்து, நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அவள் நகரவில்லை. ஜோஷ்வா உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எதுலேர்ந்து எதுக்குப் போட்ட?”

“பச்சையிலேர்ந்து செவப்புக்கு. வேற எப்டி போடுவாங்க? செவப்புல கீறத பச்சையில போடலாமா? நீதான கொலிட்டி செக்கிங்ல கீற, உனுக்குத் தெரியாதா?”

“கெட்டுப்போனது கார்டுய்யா. உள்ள இருந்தது இல்ல. நம்ம நெலம் முச்சூடும் அந்தச் செவப்புலதான் இருந்துது.”

“அத நீ சொன்னியா?”

“கம்ப்யூட்டரு கேட்டிருக்குமே, பழச அழிச்சிட்டுப் போடட்டுமான்னு. கேக்கலியா?”

“கேட்டுச்சி. மோகன்ராஜ் என் மூஞ்சப் பாத்தான். யெஸ்ஸுன்னேன். மில்லுல மிஷினு பேனல்ல இன்னா கேட்டாலும் யெஸ்ஸுதான். படிச்சிக்கினு நின்னா பழுக்கக் காய்ஞ்ச இரும்பு வந்து நின்னுடும், ஃபோர்மேன் ஆத்தாள இழுத்துத் திட்டுவான்.” அவன் பையை ஆணியில் மாட்டினான். “சரி உடு. கேமுதான?”

அந்த ஒரு வார்த்தைக்கு என் கையில் இருந்த கரண்டி பறந்திருக்கும். “தின்னுட்டுத் தூங்கறவனுக்கு இன்னாடா தெரியும்? அவ நின்னு நின்னு காலு வீங்கி வந்து அதுல வெதைச்சாடா. எனுக்கே தொழுவத்தக் காணோம்னு வயிறு எரியுது. கேமாம்.”

“நீ வேற ஏம்மா பேஜாரு பண்ற?”

ஹெலன் மட்டும் குரலை உயர்த்தவில்லை. “நாம ரெண்டு பேரும் கல்யாணம் ஆனதுலேர்ந்து சேந்து செஞ்சது அது ஒண்ணுதான்யா. வேற ஏதாச்சும் கீதா? இருந்தா காட்டு.”

அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நானும் விட்டேன். காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் ஹெலனும் மோகன்ராஜ் கடைக்குப் போனோம். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற வித்தை ஏதோ கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். அதைப் போட்டு வெகுநேரம் பார்த்தான். பெயர் வந்தது, திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

“அண்ணன் சொன்னாரு, செஞ்சேன் ஆயா. அழிச்சிருந்தா தோண்டலாம். இது மேலயே எழுதிட்டோம். செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாமாரி.”

“அப்ப சுண்ணாம்பச் சொரண்டு.”

“சொரண்டுனா செவுரே வருது ஆயா.”

“அடிக்கறதுக்கு முன்ன உனுக்கு வாய் இல்லியா? எதுக்கு மேல எது போவுதுன்னு கேக்க மாட்டியா?”

“கேக்கலாந்தான்,” என்றான். அந்த மட்டுக்கு ஒத்துக்கொண்டான்.

அன்று இரவு ஹெலன் அவனுக்குக் குரல் அனுப்பினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “போனது போயிடுச்சி. மறுபடி ஆரம்பிக்கறதுன்னா ஒண்ணா உக்காந்துதான் ஆரம்பிப்பேன். பகல் ஷிப்டு கேளு. கேக்கற வரிக்கும் பொட்டிய நான் தொட மாட்டேன், நீயும் தொடாத.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஷிப்டு மாற்றிக் கேட்டதே இல்லை. கேட்டால் வேலைக்காரன் சரியில்லை என்று ஃபோர்மேன் நினைப்பானாம். இப்போது போய்க் கேட்டிருக்கிறான். என்ன காரணம் என்றதற்கு, பொய் சொல்லத் தெரியாத கழுதை, “கேம்ல நெலம் போச்சி சார், ஊட்ல பேச மாட்டேங்கறாங்க” என்றிருக்கிறான். மில்லே சிரித்ததாம். கடைசியில் மாதத்தில் பாதி பகல், பாதி நைட் என்று கொடுத்தார்கள். முழு மாதமும் கொடுத்தால் இரும்பு உருளாதா? அந்த ஃபோர்மேனை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பேன்.

பகல் ஷிப்டு வந்த முதல் நாள், கிறிஸ்துமஸுக்குக் காப்பி எடுத்த பச்சைக் கார்டைப் போட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். குடிசை, கல், முள். ஐந்து நிமிஷத்தில் சண்டை.

“மொதல்ல கல்லப் பொறுக்கு.”

“மொதல்ல மாடுதான் வாங்கணும்.”

“மாட்ட எங்கய்யா கட்டுவ, உன் தலையிலயா?”

சோறு ஆறிப்போகிறது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சாப்பிடாமல் கிடக்கட்டும் என்று நான் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுபடி நைட் தொடங்குவதற்கு முன்னால் அவன் தன் லீவை ஞாயிற்றுக்கு மாற்றிக்கொண்டான். ஹெலன் இரண்டு புதுக் கார்டு வாங்கினாள். ஒன்றில் ஆட வேண்டும், ஒன்றில் காப்பி. முதல் காப்பி எடுத்த பிறகு ஒரு ஞாயிறு, அதன் மேல் புது ஆட்டத்தை எழுத மூன்று பேரும் கடைக்குப் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

பழையதை அழித்துவிட்டுப் போடட்டுமா என்று கம்ப்யூட்டர் மறுபடியும் கேட்டது. ஜோஷ்வா வாயைத் திறந்தான். “இருய்யா,” என்று அவன் முழங்கையைப் பிடித்தாள் ஹெலன். “தேதியப் படி.”

இவன் ஒரு தேதி படித்தான், அவள் ஒரு தேதி படித்தாள். எது புதியது, எதிலிருந்து எதற்குப் போகிறது என்று மோகன்ராஜ் விரல் வைத்துக் காட்டினான். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

“எனுக்கு வெளங்கல. இன்னொரு வாட்டி படிங்க,” என்றேன்.

“கடைல கூட்டம் நிக்குது ஆயா,” என்றான் மோகன்ராஜ்.

“நிக்கட்டும்.”

படித்தார்கள்.