கவிழ்ந்த வள்ளத்தின் அடியில்

இது உண்மையாக நடந்தது. நடந்த கரையையும் ஆட்களையும் என்னால் காட்ட முடியும். பேயாவது பூதமாவது என்று சிரிக்கிறவர்கள், கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

போர் முடிந்த அடுத்த வருடம். கடலில் இருந்த தடையெல்லாம் எடுத்தாகிவிட்டது. சுனாமியிலும் சண்டையிலும் வீட்டு ஆட்களைப் பறிகொடுத்த இளம் பிள்ளைகளைச் சேர்த்து, மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனம் ஒரு வாரம் கடலில் வள்ளம் விடப் பழக்கியது. தன்னம்பிக்கை வருமாம். ஒரு வாரத்தில் வருகிற சாமானா அது என்று ஊரில் பலர் வாய்க்குள் சிரித்தார்கள்.

பழகச் சேர்ந்த தனுஷியா சிரிக்கவில்லை. தண்ணீரைக் கண்டாலே அவளுக்குக் கைகால் உதறும். சுனாமி அன்று நாவலடியில் அவளுடைய தம்பி மதுரன் அலையோடு போனான். பதினொரு வயது. உடல் கிடைக்கவில்லை. கண்ணால் காணாமல் கிரியை செய்ய மாட்டேன் என்று அம்மா புஸ்பம் ஒரே பிடியாக நின்றாள். எங்கோ இருக்கிறான், வருவான் என்றாள். ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேர்த்தே சோறு வடித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அவன் என்ன ஆனான் என்று யாராவது சொன்னால் போதும், அம்மா இந்தக் காத்திருப்பிலிருந்து தப்பிவிடுவாள் என்று தனுஷியா நேர்த்தி வைக்காத கோயில் இல்லை.

பழக்கியவர் காத்தான்குடி பஹ்மி. கரையில் வள்ளங்களைப் பார்த்துக்கொண்டவர் ஆரையம்பதி நல்லரத்தினம்.

முதல் நாளே ஒன்று அவள் கண்ணில் பட்டது. மற்ற வள்ளங்களைக் கரையில் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். நீல வள்ளத்தை மட்டும் நல்லரத்தினம் கவிழ்க்க விடமாட்டார். மழை பெய்தால் நிரம்பிவிடும். விடிய வந்து தானே இறைப்பார்.

"ஏன் மாமா, கவிட்டு வைச்சாச் சுகம்தானே?"

"அது அப்பிடியே கிடக்கட்டும் புள்ள."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரை நாய்கள் மற்ற வள்ளங்களின் நிழலில் படுக்கும். நீல வள்ளத்தின் பக்கம் வராது. ஏறித் துடுப்பு வலித்தால், ஏறிய ஆட்களை விடக் கூடப் பாரம் இருப்பதுபோல் அது தாழும்.

"சுலோஜனா, பிட்டை ஒள்ளுப்பம் குறைச்சுத் தின்னுகா," என்று கூடப் பழகிய டிலக்சன் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் வள்ளத்தைக் கவிழ்த்துப் பழகும் நாள். ஒவ்வொருவராகக் கவிழ்ந்த வள்ளத்துக்குள் அமிழ்ந்து போக வேண்டும். உள்ளே கொஞ்சம் காற்று நிற்கும். அதில் மூச்செடுத்து, உள்ளிருந்து தட்ட வேண்டும்.

"தட்டுறது கேட்டாத்தான் ஆள் நல்லா இருக்கெண்டு எங்களுக்கு விளங்கும்," என்றார் பஹ்மி.

மற்ற வள்ளங்கள் வெளியே போயிருந்தன. நீல வள்ளம்தான் மிச்சம்.

"இது வேணாம் தம்பி," என்றார் நல்லரத்தினம். பஹ்மி கேட்கவில்லை. கிழவர் எழும்பித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

உச்சி வெயில். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கடலில் ஒரு அசுமாத்தமும் இல்லை.

தனுஷியாதான் கடைசி ஆள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அமிழ்ந்தாள். உள்ளே பச்சை இருட்டு. தட்டினாள். டொக்... டொக்... டொக்... வெளியே பதிலுக்குத் தட்டினார்கள். வெளியே வந்தாள். கைதட்டினார்கள். தன்னாலும் முடியும் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

டொக்... டொக்...

சிரிப்பு நின்றது.

"ஆர் உள்ளுக்கு?" என்றார் பஹ்மி.

யாரும் இல்லை. எல்லோரும் வெளியே, வள்ளத்தைப் பிடித்தபடி. பஹ்மி தலைகளை எண்ணினார். திரும்ப எண்ணினார்.

டொக்... டொக்...

"டிலக்சன், விளையாடாதீங்க."

"நானில்ல." அவன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

பஹ்மி அமிழ்ந்து பார்த்தார். மேலே வந்தார்.

"ஒண்டுமில்ல."

அவருடைய உதடு வெளிறியிருந்தது.

தனுஷியா வள்ளத்தின் மேல் கையை வைத்தாள். உள்ளங்கைக்கு நேர் கீழே...

டொக்.

சின்னக் கை.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. திருப்பித் தட்டினாள்.

சத்தம் நின்றது.

பிறகு...

டொக்டொக்டொக்டொக்டொக்...

வெளியே யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்ட தட்டு அது.

"புரட்டுங்க," என்று கத்தினாள் தனுஷியா. "புரட்டுங்க."

புரட்டினார்கள்.

தண்ணீர்தான் இருந்தது.

பின்னேரம் அவள் ஆரையம்பதிக்குப் போனாள். நல்லரத்தினம் முற்றத்தில் இருந்தார். அவள் வாய் திறக்க முன்பே கேட்டார்.

"தட்டிச்சா புள்ள?"

அவள் தலையாட்டினாள்.

"சுனாமிக்கு அடுத்த நாள், பிணம் தேடி நாவலடிப் பக்கத்து வாவியில போறம். பொழுது படுற நேரம். இந்த வள்ளம் தண்ணிக்குள்ள நிக்கிற கண்ணா மரப் பத்தைக்குள்ள கவிண்டு கிடக்கு. உள்ளுக்கிருந்து தட்டுது." என்றார் நல்லரத்தினம். "வாவி முழுக்கப் பிணம். செத்ததுகள்தான் கூப்பிடுது எண்டு நினைச்சம். பதில் குடுத்தா எங்களையும் இழுத்துப் போடும் எண்டு தோணியத் திருப்பிட்டம். விடிய மறுகாப் போனம். அப்பவும் தட்டிச்சு. மெல்லமா. அப்பவும் ஒருத்தரும் கிட்டப் போகல்ல. அதுக்கடுத்த நாள் சத்தம் இல்ல. அப்பதான் புரட்டினம்."

"ஆர் மாமா?"

"ஒரு பொடியன். கால்ல வலை சுத்திக் கிடந்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பொம்புளப் புள்ளைகள் போடுற பச்சை ரீசேட் போட்டிருந்தான். உடம்பு விறைக்கவும் இல்ல, புள்ள. மத்த ஆக்களோட சேத்துப் புதைச்சிட்டம். வள்ளத்தைத் தேடிச் சொந்தக்காரர் ஒருத்தரும் வரல்ல, நான்தான் வைச்சிருந்தன். ஒருநாளும் கவிட்டதில்ல."

அந்த ரீசேட் தனுஷியாவுடையது. சுனாமி அன்று காலை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடிய மதுரனை வளவு முழுக்கத் துரத்தி ஏசினாள்.

உயிரோடு இருந்த பிள்ளையைப் பேய் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கிழவரை ஏச வாயெடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எழும்பி வந்துவிட்டாள்.

வீட்டில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தனுஷியா பக்கத்தில் குந்தினாள். மதுரனைக் கண்டெடுத்துப் புதைத்த ஆளைச் சந்தித்ததைச் சொன்னாள். ரீசேட்டைச் சொன்னாள். வாவியைச் சொன்னாள்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கஷ்டப்பட்டானாமா புள்ள?"

தனுஷியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. அலை அடிச்ச உடனேயே உசிர் போயிட்டாம்."

"அப்ப நல்லம்," என்றாள் அம்மா. இத்தனை வருடமும் அழாதவள், அதற்குப் பிறகுதான் அழுதாள்.