அக்கா அணைத்த கற்பூரம்

நேற்று நானாவின் கடையில் கற்பூரம் வாங்கினேன். வீடு வருவதற்குள் பலதரம் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டேன். "என்னா தாத்தா, திங்கப் போறீங்களா?" என்று பேத்தி கேலி செய்தாள். சிரிக்கட்டும். இந்தக் காலத்துக் கட்டியில் வாசமே இல்லை. அந்த நாளில் ஒரு துண்டு கொளுத்தினால் லயத்து வரிசை வீடுகள் முழுக்க மணக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கென்றால், மாரியம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் ஆத்தா குடும்பத்தையே விடமாட்டாள். நான் இன்றும் அதை நம்புகிறவன். என்னைவிட நம்பியவள் என் அக்கா. வருஷம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவள்.

நான் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் பேர் பதிந்த புதிதில் வேலைநிறுத்தம் வந்தது. அதில் முன்னால் நின்ற ராமையாவின் பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்தி, அவன் குடியிருந்த காம்பராவையும் தோட்ட நிர்வாகத்தார் பூட்டினார்கள். அவன் தலைமறைவு. பெண்டாட்டி செல்லம்மா பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளுக்கு இடம் கொடுப்பவர்கள் பேரும் வெட்டுப்படும் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அக்காவோ தாயையும் பிள்ளையையும் தன் காம்பராவில் விறகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பெரிய கங்காணிதான் கோயிலுக்கும் பெரியவர். சந்தேகப்பட்டு அக்காவைக் கோயிலுக்கு வரச் சொன்னார். அங்கே அவள் பொய் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும்தான்.

"ஏம்புள்ள, ஒங் காம்பராவுல அவ இருக்காளா?"

"இல்லீங்க." அக்கா ஓங்கி அடித்தாள். கற்பூரம் அணைந்தது. கங்காணி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில், ஆத்தா கேட்பாளே என்றேன்.

"கேக்கட்டும்டா. பச்ச ஒடம்புக்காரிய பனியில தள்ளிட்டு எந்தக் கையால தீச்சட்டி ஏந்துறது? குடுக்குறத எனக்குக் குடுக்கட்டும்."

செல்லம்மா தேறி, பிள்ளையோடு வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேறிப் போனாள். அந்த மழைக்காலத்தில் அக்காவின் ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். லயத்தில் வேறு பிள்ளைகளும் அதே காய்ச்சலில்தான் போயின. அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"எனக்குத்தானடா கேட்டேன்" என்றாள்.

அதன்பிறகு அவள் கோயிலுக்குள் வரவில்லை. திருவிழாவில் மதிலுக்கு வெளியே சவுக்கு மரத்தடியில் நிற்பாள், சாகும்வரை.

இப்போது லயமும் இல்லை, கங்காணியும் இல்லை, சவுக்கும் இல்லை. கோயிலைப் பெரிதாக்கியபோது மதிலைத் தள்ளிக் கட்டினார்கள். அக்கா நின்ற இடம் கோயிலுக்குள் வந்துவிட்டது. அங்கேதான் கற்பூரம் ஏற்றுகிறேன். தானாக அணையும்வரை நிற்கிறேன். ஆத்தா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.