தாய்மொழி என்ற கட்டம்

பக்கத்து வீட்டுக்காரி நம்மைவிட ஒரு படி கீழேதான் இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஆனால் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தன. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஹனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள். நான் பி.காம். அவள் பி.யு.சி.யோடு நிறுத்திக்கொண்டவள். அனுபவம் என்று எழுத எனக்கு ஜெராக்ஸ் கடையில் மூன்று மாதம், அவளுக்கு எஸ்.டி.டி. பூத்தில் இரண்டு மாதம். எப்படிப் பார்த்தாலும் நான்தான் மேலே. ஆனால் எந்த இன்டர்வியூவுக்கும் அவள் கல்யாண வீட்டுக்குப் போகிறவளாட்டம் சிரித்துக்கொண்டு போவாள். எனக்கோ உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் கவுண்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இருவரும் போனோம். இது போனால் சித்தாள் வேலைக்குத்தான் வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். முதலில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். தாய்மொழி என்ற கட்டத்தில் கன்னடம் என்று எழுதினேன். தெரிந்த மொழிகள்: கன்னடம், ஆங்கிலம். முன்னால் போன இரண்டு இடங்களில் "தமிழா?" என்று இழுத்தார்கள், வேலையும் கிடைக்கவில்லை. திக்கித் திணறியது நான். பழியைத் தமிழ்மேல் போட்டுவிட்டேன். படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடம், யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? அவள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். நான் முறைத்ததும் மூடிக்கொண்டாள்.

ஓனர் எங்களை உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தபோது ஈரோட்டுக் குடும்பம் ஒன்று கவுண்டரை மொய்த்தது. "ஏழு மணிக்கு ஊரு சுத்திக் காட்டற வண்டின்னீங்க, மணி ஒம்போதாச்சு! கொழந்தைக வெயில்ல நிக்குது, பணத்தத் திருப்பிக் குடுங்க!" ஓனருக்குத் தமிழ் அரைகுறை. வண்டி பஞ்சர், வேறு வண்டி அரை மணியில் வரும் என்று கன்னடத்தில் சொல்லிக் கையை ஆட்டினார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் இன்னும் கத்தினார்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் ஃபாரம் ஓனரின் கையில் இருந்ததே! கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவள் எழுந்து போனாள். "வாங்ண்ணா, மொதல்ல கொழந்தைகள உள்ள கூட்டிட்டு வாங்க. வண்டி பஞ்சருங்க. வேற வண்டி அரை மணி நேரத்துல வந்துருமாம். வரலைன்னா பணம் வாங்கித் தர்றது என் பொறுப்புங்க." யார் கொடுத்த பொறுப்பு அது? இன்னும் வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் பொறுப்பாம்! பெரியவர் அடங்கி உட்கார்ந்துவிட்டார். ஓனர் அவளிடம் அடுத்த நாளே வரச் சொன்னார். என்னிடம், சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

மறுநாள் காலை அவள் தலை நிறைய மல்லிகையோடு கிளம்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலத்துக்குள் அவளை வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்று சாமுண்டியம்மனிடமே வேண்டிக்கொண்டேன். அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் என் கையைப் பிடித்தாள். முகம் செத்துக் கிடந்தது.

"ஓனரு இன்னைக்கி ஒன்னக் கேட்டாருடி. தமிழ் பேசற ஆளு இன்னொண்ணு வேணுமாம். 'அந்தப் பொண்ணுக்கும் வருமா'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீதான் ஃபாரத்துல கன்னடம்னு எழுதிட்டியே! பொய் சொன்னது தெரிஞ்சா ஒன்னப் பத்தி என்ன நெனப்பாருன்னு பயந்துட்டேன். ஒரு வார்த்தகூட வராதுங்க, அவங்க பக்கா கன்னடக்காரங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாருடி."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம், அதுவும் வரவில்லை. நடுங்கிக்கொண்டே நான் எழுதிய பொய்யைக்கூட அவள் எவ்வளவு தைரியமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.