விடாமல் படி

எனக்குப் பொறுமை கிடையாது. மேடவாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பேர் கூப்பிடும் வேலை. இரண்டு தடவை கூப்பிட்டும் ஆள் எழுந்து வராவிட்டால், மூன்றாவது தடவை என் குரல் தெருவரை போகும். அப்படிப்பட்ட நான் பத்து வருடமாக என் மகளுக்குப் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டிவருகிறேன் என்றால் எனக்கே நம்ப முடியவில்லை.

அவளுக்கு டிஸ்லெக்சியா. எழுத்து பிடிபடாது, காது மட்டும் பாம்புக் காது. 'கெ' என்று சொல்லும்போது 'க' தானே முதலில் வருகிறது, கொம்பு ஏன் அதற்கு முன்னால் நிற்கிறது என்று இரண்டாம் வகுப்பில் கேட்டாள். "அது அப்படித்தான்டி" என்று அதட்டினேன். இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

பிளஸ் டூ தேர்வில் அவள் சொல்லச் சொல்ல ஒரு டீச்சர் எழுதினார். வரலாற்றில்தான் அதிக மார்க். ரிசல்ட் வந்த அன்றே, கல்லூரியிலும் வரலாறுதான் என்று சொல்லிவிட்டாள். அங்கே உள்ள தடித்தடிப் புத்தகங்களை யார் படித்துக் காட்டுவது? பாதியில் திரும்பி வந்தால், 'மக்கு' என்ற பழைய பட்டம் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். மாடி வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார்: "விஸ்காம்ல போடுங்க. படிக்கிற வேலையே கிடையாது, கேமராதான்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தையும் போனில் எடுத்து அவளுக்குப் படித்தேன். வரலாற்றுக்கான பேப்பர் ஒவ்வொன்றையும், படிக்க வேண்டிய நூல்களோடு, சாவு வீட்டுக் குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். விஸ்காம் வந்ததும் வண்டி பறந்தது. மூன்றாவது செமஸ்டரில் மூன்று தியரி பேப்பர்கள் இருந்தன. அவற்றை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவள் வடையைத் தின்றபடி கேட்டாள். "எல்லா செமஸ்டர்லயும் அஞ்சு பேப்பர் சொன்ன. மூணாவதுல ரெண்டுதான் வருது. மீதி எங்கம்மா?"

"அவ்ளோதான் போட்டிருக்கு."

"சும்மா சொல்லாத. சிக்ஸ்த்ல இருந்தே நீ இப்படித்தான். பெரிய பாடம்னா ஒரு பாராவ விட்டுட்டுப் போயிடுவ. போர் முடிஞ்சிரும், எதுக்கு ஆரம்பிச்சதுன்னே இருக்காது. மறுநாள் ஃப்ரெண்ட படிக்கச் சொல்லி கேட்டுப்பேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவளுக்குச் சுமை குறையட்டும் என்று விட்டவை சில. எனக்குத் தூக்கம் வந்ததால் விட்டவைதான் அதிகம். அவளுக்கு நான்தான் கண் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவளோ நான் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் வரலாறு படிக்காமல் வேறு யார் படிப்பது?

"அந்த புக்கெல்லாம் யாருடி படிப்பா?"

"போன் படிக்கும்மா. டபுள் ஸ்பீட்ல. அது எதையும் விடாது."

அடுத்த வாரம் தாம்பரத்தில் ஒரு கல்லூரிக்குப் போனோம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே நிரப்பலாம் என்றார்கள். பேனாவுக்காகக் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை. 'சேர விரும்பும் பாடம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வரிசையில் பின்னால் நின்றவர், "இன்னாம்மா, இன்னும் எழுதிக்கினே கீது பொண்ணு" என்றார். வேறொரு நாளாக இருந்தால் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். அன்று ஒரு முறைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினாள். "படிச்சுக் காட்டும்மா. விடாம படி. நீயா எதையும் சேர்க்கவும் சேர்க்காத."

'லா'வுக்குத் துணைக்கால் விழவில்லை. முன்பெல்லாம் என்றால் சரியாக எழுதியிருப்பது போலவே படித்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நானே ஒரு கால் போட்டிருப்பேன். இந்த முறை இருந்ததை இருந்தபடியே படித்தேன்.

"வரலறு."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். "கால் எங்க போச்சு?" என்று சிரித்துவிட்டு, அதை அவளே போட்டாள். மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

"வரலாறு" என்றேன், பேர் கூப்பிடும் குரலில். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.